பொங்கினால் கத்தும் பெட்டி

பால் இன்னும் குளிர்சாதனப் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. அதற்குள் மெஷின் கத்திவிட்டது.

“பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்!” என்று வீடு அதிர முழங்கி, நீளமாக ஒரு குலவையும் போட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, “போதுமா தம்பி?” என்று கேட்டுவிட்டு அடங்கியது.

சமையலறை வாசலில் திவ்யதர்ஷினி சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

“நான் ஒண்ணும் பண்ணல லா. காத்தாடிதான் போட்டேன்.”

“அதான் தப்பு. ஏன் போட்ட?” என்றான் அவள் கணவன் தினேஸ்வரன்.

“வேர்த்துச்சு. போட்டேன்.”

தினேஸ்வரன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். திரையில் ஒரு பானை இருந்தது. படம்தான். பக்கத்தில் இருந்த குமிழை மேலே தள்ளினால் பானைக்குள் பால் ஏறும். பால் கழுத்தைத் தொட்டதும் ஒரு பச்சைக் கட்டம் மின்னி, கத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொல்லும். அவன் தள்ளினான். பால் ஏறியது. கட்டம் மின்னியது. இறக்கி மறுபடி தள்ளினான். மறுபடியும் மின்னியது.

“பாத்தியா? சிமுலேஷன்ல பெர்ஃபெக்ட்டா ஓடுது. கோட்ல தப்பே இல்ல.”

“சரி. அப்ப பொங்கல் அன்னிக்கு லேப்டாப்பத் தூக்கி அடுப்புல வச்சிரலாமா?”

தினேஸ்வரன் மடிக்கணினியை மூடினான்.

அவன் எஞ்சினியர்தான். தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் கம்பெனியில் வேலை. எழுதியதைத் திரைக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பான். சரியாக ஓடினால் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதை நிஜ இயந்திரத்தில் ஏற்றி அல்லாடுவதற்கு வேறொரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவில் இருப்பவர்கள் ஏன் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறார்கள் என்று அவன் பல நாள் யோசித்ததுண்டு. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்திருந்தது.

அவன் மாமனார் சிவசாமி சொந்தமாக லாரி வைத்திருப்பவர். புக்கிட் காத்திலில் அவர்கள் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பின் தமிழர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்று அவருக்கு இன்றுவரை விளக்கத் தெரியாது. “மாப்ள கம்ப்யூட்டர்ல இருக்காரு” என்பார். கேட்டவர்கள் மறுநாளே ஓடாத பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். “எனக்குப் பிரிண்டர் பாக்கத் தெரியாதுங்க, நான் சாஃப்ட்வேர்” என்று தினேஸ்வரன் கையை விரிப்பான். கல்யாணமான நாளிலிருந்து இது நடக்கிறது. மாமனார் ஒருநாளும் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு பிரிண்டரும் திரும்பிப் போகும்போது அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார். அது தினேஸ்வரனுக்குத் தெரியும்.

இந்த மெஷின் விவகாரம் தொடங்கியது சங்கக் கூட்டத்தில். போன வருடம் பாலாய் ராயா மண்டபத்தில் பொங்கல் வைத்தபோது, பால் பொங்குகிற நேரம் பார்த்து தலைமை தாங்க வந்த டத்தோ எல்லாரையும் படம் எடுக்க நிற்கச் சொன்னார். மொத்தக் கூட்டமும் கேமராவைப் பார்த்துச் சிரித்தது. முதுகுக்குப் பின்னால் பால் பொங்கி வழிந்து, அடுப்பையும் அணைத்துவிட்டது. ‘பொங்கலோ பொங்கல்’ என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. விருந்தினராக வந்திருந்த பாயா ரும்புட் சங்கத் தலைவர் சுப்பன் மட்டும் அதைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? “புக்கிட் காத்தில்ல ஊமைப் பொங்கல்” என்று வருடம் முழுக்கக் கல்யாண வீடு, காரிய வீடு என்று ஓர் இடம் விடாமல் சொல்லிவிட்டார்.

“இந்த வருஷம் மட்டும் அப்படி ஆச்சு, நான் தலைவரா இருக்க மாட்டேன்” என்று சிவசாமி மேசையைக் குத்தினார்.

அன்று தினேஸ்வரன் மாமனாரைக் காரில் ஏற்றிப் போக வந்தவன். வந்த இடத்தில் வடை கொடுத்தார்கள். வாயில் வடையோடு சொன்னான்.

“மாமா, இது சின்ன விஷயம். பால் கழுத்தத் தொட்டதும் தானா கத்துற மாதிரி ஒரு பெட்டி செஞ்சிரலாம்.”

சிவசாமி திரும்பிப் பார்த்தார். அந்த மாதிரி அவர் அவனைப் பார்த்ததே இல்லை.

“நிஜமாவா மாப்ள?”

அந்தப் பார்வைக்காக தினேஸ்வரன் நிலாவில்கூடப் பொங்கல் வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருப்பான்.

பெட்டிக்குக் குரல் வேண்டும் அல்லவா? தாமான் முனையில் காலைத் தோசைக் கடை நடத்தும் ராமாத்தாளைவிட்டால் குரலுக்கு வேறு ஆள் கிடையாது. அவர் கடையில் நின்று “சட்னி காலி!” என்றால் கடைசி வரிசை வீட்டுக்காரர்களும் தெரிந்துகொள்வார்கள். போன வருடம் அவர் மண்டபத்தின் பின்பக்கம் வடை சுட்டுக்கொண்டிருந்ததால்தான் அத்தனை அவமானமும்.

“என் குரலா? மெஷின்லயா? உள்ள இருந்து வருமா?” என்று ராமாத்தாள் மூன்று விதமாகக் கேட்டார். பிறகு முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். படம் எடுக்கவில்லை, குரல் மட்டும்தான் என்று தினேஸ்வரன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வெந்நீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹேண்ட்போனைப் பார்த்து ஒரு முழக்கம் முழங்கினார். சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். குலவையையும் முடித்துவிட்டுத்தான், “போதுமா தம்பி?” என்று கேட்டார். அதுவும் பதிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை வெட்டிப் பார்த்தான். வெட்டிய பதிவை மெஷின் பாட மாட்டேன் என்றது. முழுசாகக் கொடுத்தால் பாடியது. காரணம் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டான்.

ராமாத்தாள் அன்றிலிருந்து தோசை வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தார். “ஞாயித்துக்கிழம பாலாய் ராயாவுக்கு வாங்க. மெஷின்ல நான்தான் வர்றேன்.”

ஆக, விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. பின்வாங்க வழியில்லை.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. அதற்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு. அதிலிருந்து இரண்டு ஒயர் பானையின் கழுத்துக்குப் போகும். பால் ஏறி இரண்டு ஒயரையும் சேர்த்துத் தொட்டால் போர்டுக்குத் தெரியும். உடனே அது ராமாத்தாளைக் கத்தச் சொல்லும். அவ்வளவுதான். இதில் தப்பு வர இடமே இல்லை என்பதால்தான் தினேஸ்வரனுக்குத் தூக்கம் வரவில்லை.

இணையத்தில் தேடியதில் காற்றாடி மர்மம் விளங்கியது. எதையும் தொடாமல் தொங்கும் ஒயர் சும்மா இருக்காதாம். பக்கத்தில் சுவிட்ச் போட்டாலும் அதற்குச் சிலிர்க்குமாம். அதை அடக்க ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்தால் போதும் என்று போட்டிருந்தது. தினேஸ்வரன் வாழ்க்கையில் முதல்முறையாக ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் பிடித்து, விரலில் சுட்டுக்கொண்டு, அதைப் பற்றவைத்தான்.

“இப்ப காத்தாடி போடு.”

போட்டாள். மெஷின் வாயைத் திறக்கவில்லை.

“ஹா!” என்றான் தினேஸ்வரன்.

திவ்யதர்ஷினி மண்பானையில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். பால் லேசாக வெதுவெதுத்தது. ஆவி எழுந்தது.

“பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்!”

“பால் இன்னும் சூடே ஆகலயே லா!”

“ஆவிக்குக் கத்துது. ஒயர்ல தண்ணி முத்து முத்தா நிக்குது பாரு, அதப் பால்னு நினைச்சுக்கிச்சு. பொறுமை பத்தல அதுக்கு. பொறுமைய நான் கோட்ல எழுதுறேன்.”

எழுதினான். இனி பால் தொட்டவுடனே கத்தக் கூடாது, விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் கத்த வேண்டும். திரையில் ஓட்டிப் பார்த்தான். திரையில் பால் ஒழுங்காக ஏறி, ஒழுங்காக நின்றது. மெஷின் பொறுமையாகக் காத்திருந்து கத்தியது.

அடுப்பில் இருந்த பாலுக்கு அந்த ஒழுக்கம் இல்லை. அது நுரைத்துத் தொட்டது, உடைந்து விலகியது, திரும்பத் தொட்டது, திரும்ப விலகியது. மெஷின் பொறுமையாக இருந்தது. பால் கழுத்தைத் தாண்டி, பானையைத் தாண்டி, அடுப்பை அணைத்து, மேடையில் ஓடி, தரையில் இறங்கி, தினேஸ்வரனின் செருப்புக்குள் போனது. மெஷின் அப்போதும் பொறுமையாக இருந்தது. திவ்யதர்ஷினி துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து காயப்போட்டாள். அதன் பிறகு கத்தியது. முழுசாகக் கத்திவிட்டு, “போதுமா தம்பி?” என்றது.

“போதும் லா” என்றாள் திவ்யதர்ஷினி மெஷினைப் பார்த்து.

மறுநாள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேலாக ஒரு தட்டு பலகாரம் நீட்டினார். “டினேஷ், ஹாரி-ஹாரி பொங்கால் கா?” தினமும் பொங்கலா என்று உண்மையான ஆவலோடுதான் கேட்டார். தினேஸ்வரன் தட்டை வாங்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினான். விளக்குவதற்கு அவனிடம் தெம்பில்லை.

பொறுமையை வெட்டி, கூட்டி, ஒருவழியாக அளவுக்குக் கொண்டுவந்தான். மெஷின் இரண்டுக்கு ஒரு தடவை சரியாகக் கத்தியது. அந்த நேரம் பார்த்து சிவசாமி வந்தார்.

“மாப்ள, சத்தம் பத்தாது. மண்டபத்துல கூட்டம் பேசிக்கிட்டே இருக்கும். பெரிய ஸ்பீக்கரா மாட்டுங்க.”

பெரிய ஸ்பீக்கர் மாட்டப்பட்டது. புதன்கிழமை மாலை சுப்பன் பாயா ரும்புட் சங்க விழாவுக்கு அழைப்பு வைக்க வந்தார். சிவசாமி அவரை மாப்பிள்ளை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். சோபாவில் உட்கார வைத்து, காப்பி கொடுக்கச் சொல்லி, காலை நீட்டிக்கொண்டு சொன்னார்.

“மாப்ள, நம்ம மெஷின ஒரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க. சுப்பன் பாக்கட்டும்.”

தினேஸ்வரன் ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு ஒயரையும் முக்கினான்.

“பொங்கலோ பொங்—” என்றது மெஷின். நின்றது. “பொங்கலோ பொங்—” என்றது. நின்றது. “பொங்கலோ பொங்—”

பெரிய ஸ்பீக்கர் கத்த ஆரம்பித்ததும் மின்சாரத்தை எல்லாம் அதுவே குடித்துவிட்டது. போர்டு மயங்கி விழுந்தது. ஸ்பீக்கர் அடங்கியதும் போர்டு விழித்துக்கொண்டு, ஒயர் தண்ணீரில் இருப்பதைப் பார்த்துக் கத்தச் சொன்னது. கத்தியதும் மறுபடி மயங்கியது. பிடுங்கினால்தான் நிற்கும். பிடுங்கினான்.

சுப்பன் காப்பியைக் கீழே வைத்தார். “என்னா சிவசாமி, போன வருஷம் ஊமைப் பொங்கல். இந்த வருஷம் விக்கல் பொங்கலா?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சிரிப்பை வழியெல்லாம் எடுத்துக்கொண்டுதான் போயிருப்பார்.

சிவசாமி கோபப்பட்டிருந்தால் தினேஸ்வரனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

“மாப்ள, ரோசாக்காப் போன, ஓடாத சாமானோட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? பிரிண்டர் மாதிரி இதுவும் நம்ம லைன் இல்ல போல. விட்ருங்க. நான் கமிட்டில சொல்லிக்கிறேன்.”

அவர் போன பிறகு தினேஸ்வரன் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தான். திவ்யதர்ஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா அப்படிச் சொன்னாருன்னு வருத்தமா?”

“ஒரே ஒரு தடவ திவ்யா. உங்கப்பா யார்கிட்டயாவது என்னைக் காட்டி, இது என் மாப்ள செஞ்சதுன்னு சொல்லணும். ஒரே தடவ சொன்னாப் போதும் எனக்கு.”

திவ்யதர்ஷினி எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இன்னொரு பால் பாக்கெட் எடுத்து வந்தாள். “வாங்க. ஊத்துறேன்.”

பெண்டாட்டி இப்படிச் சொன்னால் ஒருவன் மலையைக்கூடத் தள்ளுவான். தினேஸ்வரன் கடைக்குப் போய்ப் பெரிய பவர் பேங்க் வாங்கி வந்தான். இனி மயக்கமே வராது என்றான். மயக்கம் வரவில்லைதான். மெஷினே வரவில்லை. கத்தாத நேரத்தில் போர்டு குடிக்கிற மின்சாரம் துளியூண்டு. பவர் பேங்க் அதைப் பார்த்துவிட்டு, சாப்பிட ஆள் இல்லை என்று கடையைச் சாத்திவிட்டுத் தூங்கிப்போனது. தட்டி எழுப்பினால் எழுந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் தூங்கியது.

“இதுக்கும் உங்க மாதிரியே ஞாயித்துக்கிழமை புத்தி” என்றாள் திவ்யதர்ஷினி.

கடைசியில் பவர் பேங்கும் போனது, பெரிய ஸ்பீக்கரும் போனது. மண்டபத்தில் ஏற்கெனவே ஒலிபெருக்கி இருக்கிறது. மைக்கில் பேசுவதும் அதில்தான் வரும். மெஷினின் குரலையும் அதிலேயே கொடுத்துவிட்டால் போர்டுக்கு வேலை மிச்சம். சாதாரண ஹேண்ட்போன் சார்ஜரில் சுவரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். இந்த யோசனை தனக்கு முதல்நாளே ஏன் வரவில்லை என்று தினேஸ்வரன் தலையில் தட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை பிற்பகல் பாலாய் ராயாவில் ஒத்திகை. சங்கத்தார் பானையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பளபளவென்று பித்தளைப் பானை.

தினேஸ்வரன் வீட்டில் வைத்துப் பார்த்ததெல்லாம் மண்பானையில். ஒயரைப் பித்தளையில் வைத்ததும், பானையே இரண்டு ஒயரையும் இணைத்துவிட்டது. மெஷின் காலிப் பானைக்குப் பொங்கல் கூவ ஆரம்பித்தது. மண்டபத்து ஒலிபெருக்கியில் அது கிளம்பியபோது கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பிப் போயின.

டேப் சுற்றினான். சூட்டில் டேப் உருகும் என்று திவ்யதர்ஷினி சொன்னாள். சொன்னபடி உருகியது. ஒயரை வளைத்தான். அது தன் இஷ்டத்துக்கு நிமிர்ந்துகொண்டது. கடைசியில் அவளே ஒரு நீள மரக்கரண்டியைக் கொண்டுவந்து, இரண்டு ஒயரையும் அதன் இரு பக்கத்தில் வைத்துக் கட்டி, பானையின் வாய்க்குக் குறுக்கே வைத்தாள். ஒயர் முனைகள் கழுத்தளவுக்குத் தொங்கின. பித்தளையைத் தொடவில்லை.

பானையில் வெந்நீரை ஊற்றினார்கள். ஆவி வந்தது. மெஷின் அசையவில்லை. தண்ணீர் கழுத்துக்கு ஏறியது.

“பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்!”

மண்டபம் கிடுகிடுத்தது. எட்டிப் பார்க்க வந்திருந்த ராமாத்தாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“நானா லா இது? நானா?”

“நீங்கதான்கா.”

“எங்கம்மா கேக்கக் குடுத்து வைக்கலயே தம்பி” என்றார் ராமாத்தாள்.

“இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துருங்க” என்றாள் திவ்யதர்ஷினி.

“வேணாம். நல்லா இருக்கும்போது தொடக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. ராமாத்தாளின் தோசை வாடிக்கையாளர்களே பாதி. நடுவில் பித்தளைப் பானை, அதன் பக்கத்தில் மாதர் பிரிவின் மண்பானை. மரக்கரண்டி பித்தளைப் பானையில் மட்டும்தான். ஒயர் அங்கிருந்து மேடைத் திரைக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு மேசையில் மெஷின் பெட்டியும் மண்டபத்து மைக் சாமான்களும் இருந்தன.

தினேஸ்வரன் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்காருவதாகத்தான் இருந்தான். சிவசாமி வந்து கையைப் பிடித்தார்.

“நீங்க முன்னால வந்து டத்தோ பக்கத்துல உக்காரணும் மாப்ள.”

“மாமா, மெஷின்...”

“மெஷினுக்கு ராமாத்தா இருக்கா.”

ராமாத்தாள் பட்டுப்புடவையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப் போட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, இந்தப் பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். பிள்ளைங்க யாரையும் ஒயர்கிட்ட விட்றாதீங்க.”

“நீ போ தம்பி. உள்ள இருக்கிறது என் குரல். அதோட மானம் போக நான் விட்டுருவனா?”

டத்தோ பேச எழுந்தார். சுருக்கமாக என்று ஆரம்பித்தார். அடுப்பில் பால் வெதுவெதுத்து, ஆவி விட்டு, ஓரங்களில் நுரை கட்ட ஆரம்பித்தபோதும் சுருக்கமாகவே பேசிக்கொண்டிருந்தார். பின் வரிசையில் இருந்து சுப்பன் முன்னால் குனிந்து தினேஸ்வரன் காதில் கேட்டார்.

“விக்கல் வருமா தம்பி?”

தினேஸ்வரனின் கண் பானையை விட்டு நகரவில்லை. நுரை ஏறியது. கழுத்தைத் தொட்டது. கரண்டியைத் தொட்டது. மண்டபத்தில் டத்தோவின் குரலைத் தவிர வேறு சத்தமில்லை. போச்சு, என்று அவன் நினைத்தான். பிரிண்டர், என்று நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“பொங்கலோ பொங்கல்!”

டத்தோ துள்ளிவிட்டார்.

“பொங்கலோ பொங்கல்! பொங்கலோ பொங்கல்!”

கூட்டம் எழுந்து சேர்ந்து கத்தியது. குலவை கிளம்பிச் சுழன்று சுழன்று போனது. வீட்டில் கேட்டதைவிட நீளமாக, உயிரோடு இருந்தது. நல்ல ஸ்பீக்கர் என்றால் சும்மாவா என்று தினேஸ்வரன் நினைத்துக்கொண்டான். கடைசியில் கணீரென்று, “போதுமா தம்பி?”

“போதும்மா, போதும்!” என்றார் டத்தோ மைக்கில். மண்டபம் சிரித்து உருண்டது. அவர் உரையை அங்கேயே முடித்துக்கொண்டார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல் கிடைத்தது.

கைதட்டல் ஓயும் முன்பே மாதர் பிரிவின் மண்பானையும் பொங்கியது.

“பொங்கலோ பொங்கல்!” என்று மெஷின் அதற்கும் முழங்கியது.

சுப்பன் இரண்டு பானையையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி, ஒயர் ஒரு பானையிலதான கெடக்கு?”

தினேஸ்வரனுக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் ஊரே கை கொடுக்க வருகிற நேரத்தில் யார் தன் சந்தேகத்தை வெளியே சொல்வார்கள்?

“பக்கத்துப் பானையையும் உணரும் அங்கிள்.”

“ஒயர் இல்லாமயா?”

“ஒயர் இல்லாமதான்.”

சுப்பனின் வாய் திறந்தபடியே இருந்தது.

சிவசாமி மேடையேறி மைக்கைப் பிடித்தார். எவ்வளவோ கூட்டத்தில் பேசியவர், மைக்கை இரண்டு தடவை தட்டினார். “இது...” என்றார். “இது என் மாப்ள செஞ்சது. என் மாப்ள எஞ்சினியர்.” அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் தினேஸ்வரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமனாரின் தோளுக்கு மேலாகத் தினேஸ்வரன் பார்த்தான். திவ்யதர்ஷினி அழுதுகொண்டே கைதட்டிக்கொண்டிருந்தாள். பட்ட சூடு, கொட்டிய பால், போன தூக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்கவும் அவன் தயார்.

சாப்பாட்டுப் பந்தியில் சுப்பன் அவன் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. அடுத்த வருஷம் பாயா ரும்புட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுக்கணும். நாங்க மொத்தம் பத்துப் பானை வைப்போம்.”

“செஞ்சிரலாம் அங்கிள். டிசைன் இப்ப ஸ்டேபிள் ஆயிருச்சு.”

“பத்துக்கும் கத்துமா?”

“நீங்க இருபது வைங்க” என்றான் தினேஸ்வரன்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். திவ்யதர்ஷினி மரக்கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“நிஜமாச் சொல்லுங்க. ரெண்டாவது பானைக்கு எப்படிக் கத்துச்சு?”

“ஹார்ட்வேர்னா அப்படித்தான் திவ்யா. சிமுலேஷன்ல எழுதினத மட்டும்தான் செய்யும். நிஜத்துல பழகப் பழக அதுக்கே ஒரு புத்தி வந்துருது” என்று விளக்கிவிட்டு, தன் படைப்பை வீட்டுக்கு எடுத்துப் போகத் திரைக்குப் பின்னால் போனான்.

ராமாத்தாள் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. வெந்நீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர, கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கட்டிப்போன தொண்டையில் ரகசியமாகக் கேட்டார்:

“டத்தோ பேச எந்திரிச்சப்பவே உன் பச்சை லைட்டு அணைஞ்சு போச்சு தம்பி, ரெண்டு பானைக்கும் நான்தான் திரைக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்து மைக்குல கத்தினேன், எப்படி, அச்சு அசல் மெஷின் மாதிரியே இருந்துச்சா?”